பல் கரைந்த வரலாறு

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பல்லை வெளுக்க நினைத்தவர்கள் நாவிதர் கடைக்குத்தான் போனார்கள். முடி வெட்டுவது, ரத்தம் எடுப்பது, பல் பிடுங்குவது எல்லாமே அங்கே நடந்தது. பல்லில் படிந்த காரையை இரும்புக் கருவியால் சுரண்டிவிட்டு, 'அக்வா ஃபோர்டிஸ்' என்ற திரவத்தைத் துணியில் தொட்டுத் தேய்ப்பார்கள். வெள்ளியிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பொற்கொல்லர்கள் பயன்படுத்திய வெடியுப்புத் திராவகம்தான் அது. இன்றைய பெயர் நைட்ரிக் அமிலம். பல் உடனே வெளுத்தது. வாடிக்கையாளரும் மகிழ்ந்து காசு கொடுத்துவிட்டுப் போனார். கறையோடு சேர்ந்து, கறை ஒட்டியிருந்த எனாமலும் ஒரு படலம் போய்விட்டது என்பது அவருக்குத் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

சிலருக்கு அப்போதே தெரிந்திருந்தது. 1600களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹியூ பிளாட் என்பவர் சீமாட்டிகளுக்காக எழுதிய வீட்டுக் குறிப்பு நூலில், இந்தத் திராவகத்தைப் பல்லில் வைக்கச் சம்மதிக்காதீர்கள், சில தடவைகளிலேயே இரவல் பல் வாங்கிச் சாப்பிடும் நிலை வரும் என்று கேலியும் கவலையுமாக எச்சரித்தார். நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட தம் பெருநூலில், பல் வெளுப்பதாகச் சொல்லி அமிலம் விற்ற போலிகளைச் சாடினார். ஆனாலும் வெளுப்பு வியாபாரம் படுக்கவில்லை. அமிலம் தின்ற பல் முதலில் அழகாகத்தான் தெரியும். சொத்தை கறுக்கும், குழி விழும், நாறும், வலிக்கும். அமில அரிப்போ வழவழப்பையும் பளபளப்பையும் தரும். நோயே தூய்மை போலத் தோன்றியதால்தான் மருத்துவ உலகம் இதை அடையாளம் காண முந்நூறு ஆண்டுகள் தடுமாறியது.

தடுமாறியவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனின் பெரும் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், 1778இல் பல் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த நிலையைத் துல்லியமாக விவரித்தார். எனாமல் உரிந்து, அரத்தால் அராவி மெருகேற்றியது போலப் பல் தேய்கிறது என்பதைக் கண்டார். காரணத்தில்தான் தவறினார். வெளியிலிருந்து எதுவும் இப்படிச் செய்ய முடியாது, இது பல்லுக்குள்ளேயே பிறக்கும் நோய் என்று முடிவு கட்டினார்.

அடுத்த நூற்றாண்டில் பழி மூட்டுவாதத்தின் மேல் விழுந்தது. 1892இல் எட்வின் டார்பி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், அரிப்புக்கும் 'கவுட்' எனும் மூட்டுவாத உடல்வாகுக்கும் தொடர்பு உண்டா என்று ஒரு கட்டுரையே எழுதினார். கவுட் வந்தவர்கள் பெரும்பாலும் செல்வந்தர்கள், மது அருந்துபவர்கள். உடல்வாகை ஆராய்ந்தவர்கள் மதுக் கோப்பையையும் கொஞ்சம் ஆராய்ந்திருக்கலாம்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1890இல், இன்னொன்று நடந்திருந்தது. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் வில்லோபி மில்லர், வாயிலுள்ள கிருமிகள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுவதாலேயே பல் சொத்தையாகிறது என்று நிறுவினார். பல் மருத்துவம் தலைகீழாக மாறியது. கிருமியைத் தேடு, கிருமியைக் கொல் என்பதே எல்லோருக்கும் வேலையாயிற்று. கிருமியே இல்லாமல், வெளியிலிருந்தோ இரைப்பையிலிருந்தோ வரும் அமிலம் நேரடியாகப் பல்லைக் கரைக்கும் அரிப்பு இந்த ஆரவாரத்தில் மறந்துபோனது. மில்லர் மறக்கவில்லை. இறந்த ஆண்டான 1907இல்கூட, தேய்ந்த பற்களைப் பற்றிச் சோதனைகளுடன் நீண்ட ஆய்வை வெளியிட்டார். பல்பொடியின் சொரசொரப்பும் அழுத்தித் தேய்க்கும் பிரஷ்ஷும் செய்யும் சேதம் எது, அமிலம் செய்யும் சேதம் எது என்று பிரித்துக் காட்ட அவர் பட்ட பாடு அதில் தெரிகிறது. அதே காலத்தின் இன்னொரு மேதை, அமெரிக்காவின் ஜி.வி. பிளாக், அரிப்பைப் பற்றிய அறிவு இன்னும் முழுமையடையவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்.

ஆய்வுக்கூடத்தில் கிடைக்காத விடை தொழிற்சாலையில் கிடைத்தது.

இரும்பைத் துத்தநாகத்தில் முக்குவதற்கு முன் துருப் போக அமிலத் தொட்டியில் ஊறவைப்பார்கள். வெடிமருந்துக்குக் கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் வேண்டும். கார் பேட்டரியைச் சார்ஜ் செய்யும்போது வாயுக் குமிழிகள் மேலெழுந்து உடையும். ஒவ்வொரு குமிழியும் கந்தக அமிலத்தைப் பொடித்துளிகளாகக் காற்றில் தெளிக்கும். இந்த இடங்களில் எட்டு மணி நேரம் நின்றவர்களின் முன்பற்கள் வருடத்துக்கு வருடம் குட்டையாயின. 1947இல் லிஞ்ச், பெல் இருவரும், 1961இல் மால்கம், பால் இருவரும் பிரிட்டிஷ் தொழில் மருத்துவ இதழில் இதைப் பதிவு செய்தார்கள். 1968இல் டென் பிரகன் கேட் என்பவர் அதே இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரியது. அமிலத்தோடு வேலை செய்த 555 தொழிலாளர்களின் வாயை அவர் பரிசோதித்தார். 176 பேருக்கு, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, அரிப்பு இருந்தது. பேட்டரி சார்ஜ் செய்பவர்களும் துருப் போக்குபவர்களும்தான் அதிகம் அடிபட்டிருந்தார்கள்.

இவர்களுக்குக் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் தப்பின. பேசும்போதும் வாயால் மூச்சு விடும்போதும் உதடு மறைக்காத முன்பல் நுனிகள்தான் தேய்ந்தன. பல் மருத்துவர்கள் அப்போது கற்றுக்கொண்ட பாடம் இன்றுவரை பயன்படுகிறது: எந்தப் பல்லின் எந்தப் பக்கம் கரைந்திருக்கிறது என்று பார்த்தால் அமிலம் எந்த வழியில் வந்தது என்று சொல்லிவிடலாம். காற்றில் வந்த அமிலம் முன்பல் நுனியைத் தின்னும். பழச்சாறும் குளிர்பானமும் பெரும்பாலும் பல்லின் வெளிப்புறத்தையும் கடைவாய்ப் பல்லின் மேடுகளையும் கரைக்கும். மேல் முன்பற்களின் உட்புறம், நாக்கு படும் பக்கம், கரைந்திருந்தால் அமிலம் வயிற்றிலிருந்து வந்திருக்கிறது என்று பொருள்.

இந்த மூன்றாவது வழியை 1939இல் டென்மார்க்கின் ஹோல்ஸ்ட், லாங்கே இருவரும் விவரித்தார்கள். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களின் பற்கள் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. உண்டதை ரகசியமாக வாந்தி எடுக்கும் புலிமியா நோய்க்கு 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் பெயர் கொடுத்து விவரித்த பிறகு, குடும்பத்தாருக்கே தெரியாத அந்த ரகசியத்தைப் பல் மருத்துவரின் சிறு கண்ணாடி முதலில் கண்டுபிடிப்பது உண்டு. எதுக்களிப்பும் அப்படியே. நெஞ்செரிச்சல் என்று ஒருநாளும் சொல்லாத நோயாளியின் பல் அரிப்பே இரைப்பைக் கோளாறின் முதல் அடையாளமாக இருக்கலாம் என்று 1971இல் ஹௌடன் என்பவர் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் எழுதினார்.

ஜெர்மனியில் அமிலத்தால் வரும் பல் நோய் 1312 என்ற எண்ணுடன் சட்டப்படியான தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. காற்றோட்டமும் முகமூடியும் அமிலத் தொட்டியின் மேல் மிதக்கும் நுரைப் படலமும் தொழிற்சாலைச் சேதத்தைப் பெருமளவு குறைத்தன. அதற்குள் அமிலம் வேறு வாசல் வழியாக நுழைந்துவிட்டது. இம்முறை அது குளிர்ந்து, இனித்து, குமிழிட்டு வந்தது.

இரண்டாம் உலகப் போரில், சீருடை அணிந்த ஒவ்வொரு அமெரிக்கருக்கும் அவர் எங்கிருந்தாலும் ஐந்து சென்ட்டுக்கு ஒரு பாட்டில் கோக்க-கோலா கிடைக்கச் செய்வோம் என்று அந்நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் உட்ரஃப் அறிவித்திருந்தார். படை போன இடமெல்லாம் பாட்டில் ஆலையும் போனது. அதே போர்க்காலத்தில் மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவிலிருந்த கடற்படை மருத்துவ ஆய்வுக்கூடத்துக்கு கிளைவ் மக்கே என்ற கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வந்துசேர்ந்தார். குறைவாக உண்ணும் எலிகள் நீண்ட நாள் வாழ்கின்றன என்று 1935இல் காட்டிப் புகழ்பெற்ற சத்துணவு அறிஞர் அவர். கடற்படையினர் என்ன உண்கிறார்கள், என்ன குடிக்கிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது என்று அறிந்ததும் திகைத்துப் போனார்.

அவரும் சகாக்களும் மனிதப் பற்களைக் கோலாவில் போட்டார்கள். இரண்டு நாளில் பற்கள் மிருதுவாயின. எலிகளுக்குத் தண்ணீருக்குப் பதிலாக இந்தப் பானத்தையே கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல உணவு உண்ட எலிகளுக்கும் கடைவாய்ப் பற்கள் ஆறு மாதத்தில் ஈறுவரை கரைந்தன. 1945இலும் 1949இலும் இந்த ஆய்வுகள் அச்சாயின. 1950இல், உணவில் சேர்க்கப்படும் ரசாயனங்களை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் டிலேனி குழு முன் மக்கே சாட்சி சொன்னார். கோலாவின் புளிப்பு ஏறக்குறைய வினிகரின் புளிப்புக்குச் சமம், அதிலுள்ள சர்க்கரை அந்தப் புளிப்பை நாக்குக்குத் தெரியாமல் மறைக்கிறது, குழந்தைகளுக்குத் தாங்கள் என்ன குடிக்கிறோம் என்றே தெரிவதில்லை என்பது அவர் வாதம்.

நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் ஆர்வில் மே பதிலுக்கு வந்தார். கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் வெறும் 0.055 சதவீதம், ஆரஞ்சுச் சாற்றில் இருக்கும் அமிலம் அதைவிடப் பல மடங்கு. எவரும் பானத்தை இரண்டு நாள் வாயில் வைத்திருப்பதில்லை. எச்சில் அமிலத்தைச் சமன்படுத்திவிடும். இதுவே மறுப்பின் சாரம்.

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அதுதான் இந்த வழக்கைச் சுவையாக்குகிறது. புளிப்பின் கடுமையைக் காட்டும் பிஎச் அளவில் கோலா 2.5ஐ ஒட்டி இருக்கிறது, ஆரஞ்சு 3.7 அளவில் இருக்கிறது. எண் குறையக் குறையக் கடுமை கூடும். ஆனால் மொத்த அமிலத்தின் அளவில் ஆரஞ்சுதான் முன்னால். அதைச் சமன்படுத்த எச்சிலுக்கு அதிக நேரம் பிடிக்கும். எச்சில் என்பது வெறும் தண்ணீர் அல்ல. அமிலத்தை அடக்கும் பைகார்பனேட், பல்லுக்குத் திருப்பித் தரக் கால்சியம், பாஸ்பேட் எல்லாம் அதில் உண்டு. எலிக்கு ஆறு மாதம் கோலா மட்டுமே கொடுத்தால் எச்சிலுக்கு ஓய்வே இல்லை. மனிதன் சாப்பாட்டோடு ஒரு கோப்பை குடித்தால் எச்சில் சமாளித்துக்கொள்ளும். மேசையில் பாட்டிலை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் அவனும் அந்த எலியின் நிலைக்கு நெருங்குகிறான். எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதே கணக்கு. அன்றைய விவாதத்தில் இது யாருக்கும் தெளிவாக விளங்கியதாகத் தெரியவில்லை. மிஞ்சியது ஒரு கட்டுக்கதைதான்: இரவில் பல்லைக் கோலாவில் போட்டால் காலையில் காணாமல் போயிருக்கும் என்று இன்றும் பள்ளிப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். ஓரிரவில் பல் மிருதுவாகும், மறையாது.

கோலாவைத் திட்டுபவர்கள் பழத்தைப் புனிதமாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. 1947இலேயே ஸ்டாஃப்னி, லவ்ஸ்டெட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், உடம்புக்கு நல்லது என்று நம்பித் தினமும் எலுமிச்சைச் சாறு குடித்தவர்களின் பற்கள் கரைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1991இல் ஹெல்சிங்கியில் ஜார்வினென் குழுவினர், அரிப்பு வந்த 106 பேரையும் வராத 100 பேரையும் ஒப்பிட்டார்கள். நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் எலுமிச்சை இனப் பழங்கள் உண்பவர்களுக்கு அரிப்பு வரும் வாய்ப்பு 37 மடங்கு. அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கும் வாய்ப்பு மிக அதிகம். தினம் குளிர்பானம் குடிப்பவர்களுக்கு வெறும் 4 மடங்கு. ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர்களே அதிகம் மாட்டினார்கள் என்பது கசப்பான செய்தி.

இதைவிட விந்தையான வழக்கு 1982 இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் சார்லட்ஸ்வில்லில் வந்தது. அவ்வூர்ப் பல் மருத்துவர்களிடம் வந்த இருவரின் எனாமல் வாய் முழுக்க அரிக்கப்பட்டிருந்தது. வாந்தி இல்லை, எலுமிச்சை இல்லை, அமிலத் தொழிற்சாலை இல்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: ஒரே தனியார் கிளப்பின் நீச்சல் குளத்தில் வழக்கமாக நீந்துபவர்கள். நோய்ப் பரவல் ஆய்வாளர்கள் அந்த கிளப்பின் 747 உறுப்பினர்களிடம் விசாரித்தார்கள். அரிப்பின் அறிகுறிகள் நீந்தாதவர்களில் 3 சதவீதம் பேருக்கு இருந்தன. நீந்துபவர்களில் 12 சதவீதம். போட்டிக்குப் பயிற்சி எடுத்த நீச்சல் அணியில் 39 சதவீதம். குளத்து நீரின் பிஎச் 2.7. பரிந்துரைக்கப்பட்ட அளவைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு அமிலத்தன்மை.

காரணம் எளியது. அந்தக் குளத்தைக் குளோரின் வாயுவால் சுத்திகரித்தார்கள். குளோரின் வாயு நீரில் கரையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிறக்கும். சோடா உப்பு சேர்த்து அதைச் சமன்படுத்த வேண்டும், நீரை அடிக்கடி சோதிக்க வேண்டும். இரண்டும் சரியாக நடக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கி நீந்தும் வீரர்களின் பற்கள் மணிக்கணக்கில் அமிலத்தில் குளித்தன. உடம்பைத் தேற்றப் போன இடத்தில் பல் போனது.

பெரியவர்களின் தொழிலிலும் பழக்கத்திலும் தேடப்பட்டுவந்த நோய், குழந்தைகளிடமும் இருக்கிறதா என்று முதன்முறையாகத் தேசிய அளவில் எண்ணிப் பார்த்தது பிரிட்டன். 1993ஆம் ஆண்டுக் குழந்தைப் பல் நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் பால்பற்களில் அரிப்பு தெரிந்தது. பழச்சாறு விற்பவர்களுக்கு அதிர்ச்சி. விற்பனைத் தந்திரமும் பின்னாலேயே வந்தது. பிளாக்கரன்ட் எனும் சிறு கறுப்புப் பழத்தின் சாறான ரிபீனாவின் 'டூத்கைண்ட்' என்ற புதுவகை 1998இல் பிரிட்டனில் அறிமுகமானது. கால்சியம் சேர்த்து அரிக்கும் தன்மையைக் குறைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கத்தின் ஒப்புதல் முத்திரையும் கிடைத்தது. விளம்பரங்கள் அளவுக்கு மீறிப் பேசுகின்றன என்று புகார் எழுந்தது, விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு புகாரை ஏற்றது, நிறுவனம் நீதிமன்றம் போனது, 2001இல் தோற்றது.

ஆனாலும் அந்தக் கால்சியம் தந்திரத்தில் விஞ்ஞானம் இருந்தது. தயிர் புளிப்புதான், பிஎச் 4 அளவில் இருக்கிறது. எனாமல் கரையத் தொடங்கும் எல்லையாகப் பாடநூல்கள் சொல்லும் 5.5க்கு அது கீழே. அப்படியும் தயிர் பல்லை அரிப்பதில்லை. அதிலேயே கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் பல்லிலிருந்து அவை வெளியேறத் தேவை எழுவதில்லை. மோர் குடிப்பவர்கள் கவலைப்பட வேண்டாம்.

இன்று பல் மருத்துவர்கள் அரிப்பை அளக்க 2008இல் பார்ட்லெட், கான்ஸ், லுஸ்ஸி மூவரும் வகுத்த முறை பரவலாகப் பயன்படுகிறது. வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மோசமான பல்லுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவது அது. வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று பார்க்கவும் சில அடையாளங்கள் உண்டு. முன்பல் நுனி மெலிந்து ஒளி ஊடுருவும். கடைவாய்ப் பல்லின் மேடுகளில் சிறு பள்ளங்கள் விழும். பழைய வெள்ளி அடைப்பு, சுற்றியுள்ள பல் கரைந்துபோனதால், கடலில் தீவு போலத் தனித்து நிற்கும். அமிலம் பல்லைத் தின்னும், அந்த உலோகத்தைத் தின்னாது. குளிர்ந்த நீர் பட்டால் கூசும். எனாமல் மெலியும்போது உள்ளிருக்கும் மஞ்சள் நிறப் பற்திசு தெரியத் தொடங்கும். பலர் அதைக் கறை என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள்; அமிலத்தால் இளகிய பல் மேலும் தேய்கிறது.

தேய்ப்பதைப் பற்றி ஒரு விவாதமும் உண்டு. புளிப்பு சாப்பிட்டதும் பல் தேய்க்காதீர்கள், அரை மணி நேரம் பொறுங்கள் என்று மருத்துவர்கள் நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். பொறுப்பதால் பெரிதாகப் பாதுகாப்பு இல்லை என்று 2014இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள் எழுதினார்கள். எச்சில் அவ்வளவு வேகமாகப் பல்லைத் திரும்பக் கெட்டிப்படுத்துவதில்லை. பொறுப்பதில் நட்டமும் இல்லை. ஆனால் அரிப்பைத் தடுக்கும் வேலை பிரஷ்ஷில் தொடங்குவதில்லை, அமிலம் வரும் வழியை அடைப்பதில்தான் தொடங்குகிறது. வெள்ளீயம் கலந்த ஃபுளோரைடு பற்பசை, எனாமல் மேல் அமிலம் எளிதில் தொடாத படலத்தை உண்டாக்குகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு எந்தப் பற்பசையும் மாற்று மருந்தாகாது. வயிற்றுக்கு வைத்தியம் பார்க்காமல் பல்லைக் காப்பாற்ற முடியாது.

எழுந்ததும் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பது இப்போது தமிழ் வீடுகளிலும் பரவிவரும் பழக்கம். விட மனமில்லையென்றால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள்; கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சாதீர்கள், வாய்க்குள் சுழற்றாதீர்கள், வெறும் எலுமிச்சைத் துண்டைச் சப்பாதீர்கள். அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது இந்தப் பழக்கத்தையும், குடிக்கும் குளிர்பானத்தையும், நெஞ்செரிச்சலையும், செய்யும் தொழிலையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.